சோலார் போடும் முன் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க

மாடியை அளப்பதற்கு முன்னால், கடைசி ஆறு பில்லை எடுத்து வையுங்க. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறுவதில்லை. 101 முதல் 200 வரைக்கான மலிவு ரேட்டும் பறிபோகிறது. சோலாரால் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கும் வீட்டுக்குத்தான் லாபம் அதிகம். முந்நூறு யூனிட்டே தொடாதவர் அவசரப்பட வேண்டாம் என்பேன்.

1 கிலோவாட் சோலார் பேனல் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். அதற்கு நூறு சதுர அடி நிழலில்லாத இடம் வேண்டும். எங்கள் மாடியில் தண்ணீர் டேங்கின் நிழல் மூன்று மணிக்கே பேனல் மேல் ஏறிவிடுகிறது. ஏ.சி. ஓடும் வீட்டுக்கு 3 கிலோவாட் சரி. செலவு ஏறக்குறைய 2 லட்சம்.

2024-இல் வந்த மத்திய அரசின் பி.எம். சூர்ய கர் திட்டத்தில் மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, மொத்தம் 78,000 ரூபாய். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் அதேதான். மானியம் கிடைக்க, பேனல் மட்டுமல்ல, அதற்குள் இருக்கும் சோலார் செல்களும் இந்தியாவில் தயாரானதாக இருக்க வேண்டும்; கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்க. மானியப் பணம் சோலார் போட்ட பிறகுதான் பேங்க் கணக்குக்கு வரும், எனவே முழுத் தொகையும் கையில் வேண்டும். கரண்ட் இணைப்பு இன்னும் தாத்தா பெயரில் இருந்தால் பெயர் மாற்றத்தை முதலில் முடிங்க.

இன்னொன்று: பேட்டரி இல்லாத சோலார், கரண்ட் போனால் பட்டப்பகலிலும் நின்றுவிடும்.