பழைய டிராக்டர் வாங்கும் முன் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள்

மாஸி பெர்குசன் 1035 போன்ற பழைய டிராக்டரைப் பார்க்கப் போகிறீர்களா? வரும் நேரத்தைச் சரியாகச் சொல்லிவிடாதீர்கள். போனதும் இன்ஜின் மீது கையை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்காகவே முன்கூட்டி ஓட்டி வைத்திருக்கக்கூடும். ஒரு டீ குடித்துவிட்டு ஆறும் வரை காத்திருங்கள். ஆறிக் கிடக்கும் இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போதுதான் வண்டியின் நிஜக் குணம் தெரியும்.

அதற்கு முன் ஆயில் குச்சியை உருவிப் பாருங்கள். ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்கிறது, திரும்பி வந்துவிடலாம். ஓடும்போது நீலப் புகை விடாமல் வந்தால் ஆயில் எரிகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்ததும் புகை குபுகுபுவென்று தள்ளினால் பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பின்னால் கலப்பையைத் தூக்கும் ஹைட்ராலிக்கை வெறுமனே ஏற்றி இறக்கிக் காட்டுவார்கள். அது போதாது. கலப்பையை மாட்டித் தூக்கச் சொல்லி, இன்ஜினை நிறுத்துங்கள். கலப்பை சட்டென்று இறங்கினால் உள்ளே கசிவு இருக்கிறது. ஸ்டீயரிங் ஆட்டம், டயர் வெடிப்பு எல்லாம் கண்ணுக்கே தெரியும். புதுப் பெயிண்ட் அடித்திருந்தால் மட்டும் இன்னொரு முறை குனிந்து பாருங்கள்.

சேசிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி.யில் உள்ளபடி இருக்க வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால், வங்கியின் தடையின்மைச் சான்றும், ஆர்.சி.யிலிருந்து கடன் பதிவை நீக்குவதற்கான படிவம் 35-உம் கைக்கு வந்த பிறகே முன்பணம் கொடுங்கள்.