வால்பாறைக்கு சர்வர் வேண்டும், திருப்பூருக்கு வேண்டாம்

கோவையில் தலைமை அலுவலகம். திருப்பூர், பொள்ளாச்சி, கூடலூர், வால்பாறையில் கிளைகள். காலையில் கணினிக்குள் நுழையத் தாமதமானால் கிளை மேலாளர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "எங்களுக்கும் ஒரு சர்வர் வைத்துவிடுங்கள் சார்." அதற்கு உடனே தலையாட்டக் கூடாது என்பதைப் பொள்ளாச்சியில் கற்றுக்கொண்டேன்.

அந்தக் கிளை புதிய கட்டடத்துக்கு மாறியபோது 10.20.40.0/24 என்ற சப்நெட்டை, அதாவது கணினி முகவரிகளின் தொகுதியைக் கொடுத்தேன். ரூட்டரில் எழுதினேன், நிறுவனத்தின் ஊழியர், கணினிக் கணக்குகளை வைத்திருக்கும் விண்டோஸ் பதிவேடான ஆக்டிவ் டைரக்டரியில் பதிய மறந்துவிட்டேன். அந்தக் கணக்குகளின் தொகுப்பு டொமைன்; அதில் நுழைபவரின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பது டொமைன் கன்ட்ரோலர். மேலாளர்கள் கேட்கும் சர்வர் அதுதான். ஒவ்வோர் இடத்தையும் அந்தப் பதிவேட்டில் குறிப்பது சைட். தன் முகவரி எந்த சைட்டைச் சேர்ந்தது என்று தெரியாத கணினி, டொமைனில் உள்ள ஏதாவது ஒரு டொமைன் கன்ட்ரோலரிடம் போய் நிற்கும். பொள்ளாச்சிக் கணினிகள் சில, கோவையைத் தாண்டி நீலகிரி மலையேறிக் கூடலூர் சர்வரிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தன. கணினிகளுக்கான பொது விதிகளைக் கொண்ட குரூப் பாலிசிக் கோப்புகளும் அங்கிருந்தே வந்தன. சிலருக்கு எட்டு நிமிடம் பிடித்தது. சப்நெட்டைக் கோவை சைட்டோடு சேர்த்ததும் சரியாகிவிட்டது. புதிய சர்வர் எதுவும் வாங்கவில்லை.

ஆகவே முதல் வேலை, எல்லா சப்நெட்களையும் தாளில் எழுதி ஒவ்வொன்றையும் ஒரு சைட்டில் சேர்ப்பது. சர்வர் இல்லாத கிளையின் சப்நெட்டும் விடுபடக் கூடாது. விடுபட்டவை டொமைன் கன்ட்ரோலரின் நெட்லாகன் பதிவில் 'நோ கிளையன்ட் சைட்' என்ற குறிப்போடு வரிவரியாகக் கிடக்கும். மாதம் ஒருமுறை அதைத் திறந்து பாருங்கள்.

அடுத்து, எந்தக் கிளைக்கு சர்வர்? ஊழியர் எண்ணிக்கையை வைத்து முடிவெடுக்க வேண்டாம். திருப்பூரில் அறுபது பேர். இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பு இருக்கிறது, இரண்டும் வேறு வேறு தெரு வழியாக வருகின்றன. அங்கே சர்வர் தேவையில்லை. வால்பாறையில் இருபத்திரண்டு பேர்தான். ஆனால் ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வரும் ஒரே ஒரு கம்பி. தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் கம்பி போகும். சரிசெய்ய ஆள் ஏறிப் போவதற்கே ஒரு நாளாகும். அனுமதி கேட்கக் கோவையை எட்ட முடியாததால், கிளைக்குள்ளேயே இருக்கும் கோப்பு சர்வரைக்கூட அன்று பயன்படுத்த முடியாது. அங்கே வைக்கத்தான் வேண்டும்.

எந்த வகை சர்வர் என்பதில்தான் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கூடலூருக்கு ஒருமுறை போனபோது, முழு டொமைன் கன்ட்ரோலர் ஒன்று நடைபாதையில், அச்சுத்தாள் கட்டுகளுக்கு நடுவே ஓடிக்கொண்டிருந்தது. நிறுவனத்தில் உள்ள ஒவ்வொருவரின் கடவுச்சொல்லுக்கும் உரிய ஹாஷ், அதாவது உருமாற்றிய வடிவம், அந்த ஒரு பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஒருவர் தூக்கிக்கொண்டு போனால் கூடலூர் மட்டுமல்ல, கோவையும் போயிற்று. அன்றே அதை விலக்கும் வேலையைத் தொடங்கினேன். பூட்டிய அறை இல்லாத இடத்தில் ஆர்ஓடிசி எனப்படும், படிக்க மட்டுமே இயலும் டொமைன் கன்ட்ரோலரை வையுங்கள். விண்டோஸ் சர்வர் 2008 முதல் இந்த வசதி இருக்கிறது. நீங்கள் அனுமதித்தவர்களின் கடவுச்சொல் மட்டுமே அதில் தங்கும். பெட்டி திருடுபோனால், கோவையில் அதன் கணக்கை நீக்கும்போதே அதில் தங்கியிருந்த கடவுச்சொற்களை எல்லாம் மாற்றிவிடலாம். வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் பிட்லாக்கரும் போட்டுவிடுங்கள்.

சைட்டுகளின் சர்வர்கள் மாற்றங்களைப் பரிமாறிக்கொள்ளும் பாதையான சைட் லிங்க் விஷயத்தில், தொடக்கத்தில் இருக்கும் அமைப்பை அப்படியே விடாதீர்கள். காஸ்ட் (எந்தப் பாதைக்கு முன்னுரிமை என்று காட்டும் எண்) 100, பரிமாற்ற இடைவெளி 180 நிமிடம், எல்லா சைட்டுகளும் ஒரே லிங்கில். அப்படியிருந்தால், எல்லாக் கிளைகளும் ஒன்றுக்கொன்று நேரடியாக இணைந்திருப்பதாக ஆக்டிவ் டைரக்டரி எண்ணிக்கொள்ளும். கோவை–வால்பாறை எனத் தனி லிங்க் போட்டு, இடைவெளியை 15 நிமிடமாகக் குறையுங்கள். அதற்குக் கீழே போக முடியாது. கடிகாரமும் முக்கியம்: ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினால், நுழைபவரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கெர்பரோஸ் முறை மறுத்துவிடும்.

பெயரை வைத்து சர்வரின் முகவரியைக் கண்டுபிடித்துத் தருவது டிஎன்எஸ். கிளைக் கணினிகளுக்கு முதல் டிஎன்எஸ் முகவரி அங்கேயுள்ள சர்வர், இரண்டாவது கோவை. கோவையை மட்டும் கொடுத்தால், கம்பி அறுந்த அன்று பக்கத்து அறையில் இருக்கும் சர்வரையே கணினியால் கண்டுபிடிக்க முடியாது.

எல்லாம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பியைக் கழற்றிப் பாருங்கள். இதைச் செய்யாமல் வேலை முடிந்தது என்று சொல்லாதீர்கள். விண்டோஸ் கடைசியாக நுழைந்த பத்துப் பேரை நினைவில் வைத்துக்கொள்வதால், தினமும் உட்காருபவர் நுழைந்துவிட்டார் என்பதை நம்ப முடியாது. அந்தக் கணினியில் இதுவரை நுழையாத ஒருவரை உட்கார வையுங்கள். வால்பாறையில் அப்படி உட்கார்ந்த கணக்குப் பிரிவு ஊழியரால் நுழைய முடியவில்லை. அவருடைய கடவுச்சொல் சர்வரில் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கணினிக்கும் டொமைனில் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் உண்டு, அதை நான் அங்குள்ள ஆர்ஓடிசியின் அனுமதிப் பட்டியலில் சேர்க்கவில்லை. கிளை ஊழியர்கள், கணினிகள், கோப்பு சர்வர் எல்லாவற்றையும் ஒரே குழுவில் போட்டு, அந்தக் குழுவை அனுமதித்து, கடவுச்சொற்களை முன்கூட்டியே இறக்கி வைத்தேன். அடுத்த ஞாயிறு மறுபடி கம்பியைக் கழற்றினோம். அவர் நுழைந்தார், கோப்புகளும் திறந்தன. இணைப்பு இல்லாத நேரத்தில் கடவுச்சொல்லை மாற்ற மட்டும் இயலாது. அதைக் கிளையில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன்.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் மே கடைசி ஞாயிறு வால்பாறை போகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்களும் புதிதாக வாங்கிய கணினிகளும் அந்தக் குழுவில் இருக்கிறார்களா, இருக்கின்றனவா என்று பார்த்து, கம்பியைக் கழற்றிச் சோதித்த பிறகுதான் மலையிறங்குகிறேன்.