பியானோவில் வேண்டாத சத்தம்: எங்கிருந்து வருகிறது?

கிருஷ்ணகிரி பக்கம் சித்திரை வெயிலில் மரம் காய்ந்து சுருங்கும். பியானோவுக்குள் ஸ்க்ரூக்கள் தளரும். சத்தம் கேட்டதும் பிரிக்க உட்காராதீர்கள். முதலில் சத்தம் வரும் கட்டையை (விரலால் வாசிக்கும் கீ), உள்ளே கம்பியைத் தட்டும் சுத்தியல் கம்பியைத் தொடாத அளவுக்கு மெதுவாக அழுத்துங்கள். அப்போதும் 'டக்' என்றால் கோளாறு கட்டையிலோ அதன் இயக்கத்திலோதான். கட்டையின் முன்பக்கத்தைப் பிடித்து இடம் வலமாக ஆட்டுங்கள். தாராளமாக ஆடினால் உள்ளே கட்டையை நேராக வைத்திருக்கும் உலோக ஊசியைச் சுற்றியுள்ள கம்பளித்துணி தேய்ந்திருக்கிறது. ஆடாவிட்டால் சுத்தியலைத் தாங்கும் ஸ்க்ரூவைப் பாருங்கள்; தளர்ந்திருந்தால் முறுக்குங்கள். பிடிப்பு வந்ததும் நிறுத்துங்கள், மீறி முறுக்கினால் மரத்தின் மரை போய்விடும்.

சுரம் ஒலிக்கும்போது மட்டும் 'ர்ர்ர்' என்று அதிர்கிறதா? ஒருவர் அதே சுரத்தை வாசித்துக்கொண்டே இருக்க, இன்னொருவர் மூடியின் கீல், முன்பலகை, மேலே வைத்த போட்டோ என ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பார்க்கட்டும். எதை அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ அதுதான். பக்கத்து பீரோ, ஜன்னல் கண்ணாடியையும் விடாதீர்கள்; பல நேரம் குற்றவாளி பியானோவே அல்ல. கீழ்ப்பலகையைக் கழற்றினால் விழுந்து கிடக்கும் பென்சிலோ நாணயமோ கிடைக்கலாம்.

பெடல் கிறீச்சிட்டால் உரசும் இடத்தில் கிராஃபைட் தூள் கொஞ்சம் போதும். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: கம்பளித்துணியில் ஊறித் தூசியைச் சேர்க்கும்.