எகிப்தில் பல்பு எரிந்தது என்று வீடியோ வந்தால்

கிருஷ்ணகிரிப் பக்கம் ஏதாவது ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் இருந்தால் இது புதிதாக இருக்காது: காலை வணக்கப் படத்துக்கு அடுத்ததாக ஒரு வீடியோ வரும், எகிப்துக் கோயில் சுவரில் பல்பு, இன்னொன்றில் ஹெலிகாப்டர், கடைசியில் 'ஆராய்ச்சியாளர்கள் மறைக்கிறார்கள்' என்று முடியும். அனுப்பியவர் பெரியப்பாவாகவோ மாமாவாகவோ இருப்பார், சண்டை போடவும் முடியாது. அதை நீங்களே எப்படிச் சோதிப்பது என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொல்லியல்காரர்கள் ஒரு பொருளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, எது போல இருக்கிறதோ அதுதான் என்று ஊகிக்கிறார்கள் என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். உண்மையில் அந்த வேலையைச் செய்வது இந்த வீடியோக்கள். அகழாய்வில் உருவத்தைவிட அது எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில், என்ன எழுத்தோடு கிடைத்தது என்பதற்குத்தான் மதிப்பு.

அதனால் முதல் வேலை, வெட்டப்படாத படத்தைத் தேடுவது. பல்பு என்று சொல்வது தெந்தேராவில் உள்ள ஹாத்தோர் கோயிலின் நிலவறைச் சுவர். முழுச் சுவரையும் பார்த்தால் தாமரைப் பூவிலிருந்து ஒரு பாம்பு கிளம்புகிறது, அதைச் சுற்றி நீளமான ஓர் உறை, கீழே கைகள் முளைத்த ஒரு தூண், சுற்றிலும் வரிவரியாக எழுத்து. அந்த எழுத்து ஹர்சோம்துஸ் என்ற தெய்வத்தைப் பற்றிப் பேசுகிறது, சிலையை எந்த உலோகத்தில் செய்வது, எத்தனை உயரம் என்பதுவரை சொல்கிறது. வீடியோவில் அந்த எழுத்து மட்டும் வெளியே போய்விடும். சரி, பல்பு இல்லாமல் கல்லறைக்குள் எப்படி வேலை செய்தார்கள் என்று மாமா கேட்பார். அதற்கும் பதில் இருக்கிறது. தெயிர் எல்-மதினாவில் அரச கல்லறைகளை வெட்டிய தொழிலாளர்களுக்கு விளக்குத் திரி எண்ணிக் கொடுத்த கணக்கே கல்சில்லுகளில் எழுதிக் கிடைத்திருக்கிறது.

ஹெலிகாப்டர் இன்னும் எளிது. எகிப்தின் அபிதோஸ் கோயிலில் முதலாம் சேத்தி என்ற மன்னனின் பட்டப்பெயர்களைக் கல்லில் வெட்டியிருந்தார்கள். மகன் இரண்டாம் ராம்சேஸ் காலத்தில் அதன்மேல் சாந்து பூசி மகனுடைய பட்டப்பெயர்களை வெட்டினார்கள். பிற்பாடு சாந்து உதிர்ந்ததும் இரண்டு எழுத்தும் ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தது, அவ்வளவுதான். எந்தச் சிற்பத்தைப் பார்த்தாலும் இது ஒரே தடவை செதுக்கியதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் காலம். 'கல்லின் வயதை எப்படிக் கண்டுபிடிக்க முடியும், சும்மா சொல்கிறார்கள்' என்பார்கள். கார்பன் முறை மரம், கரி மாதிரி ஒரு காலத்தில் உயிரோடு இருந்தவற்றின் வயதைத்தான் சொல்லும், அதனால் கல்லை அதில் அளக்க முடியாது என்பது சரிதான், யாரும் அப்படி அளப்பதும் இல்லை. பிரமிடுகளின் கற்களுக்கு நடுவே பூசிய சாந்தில் சிக்கியிருந்த கரியை 1984-லும் 1995-லும் எடுத்து அளந்தார்கள். 1995 முடிவு, மன்னர் பட்டியல்களை வைத்துக் கணித்த காலத்தைவிட 100 முதல் 200 ஆண்டு முந்தியே வந்தது, அதை யாரும் மறைக்கவில்லை, அவர்களே வெளியிட்டு, பழைய மரத்தை எரித்திருக்கலாம் என்று காரணமும் பேசினார்கள். நம் மாவட்டத்தில் அகழாய்வு நடந்த மயிலாடும்பாறையும் இப்படித்தான். அங்கே இரும்பு புழங்கிய காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவித்தார்களே, அது இரும்பை நேராக அளந்து வந்ததில்லை, அந்த அடுக்கில் கிடைத்த கரியை அளந்து வந்தது. மயிலாடும்பாறை என்றால் மார்தட்டிக்கொண்டு, பிரமிடு என்றால் அதே முறையைப் பொய் என்று சொன்னால் எப்படி?

'தெரியாததை எல்லாம் சடங்குப் பொருள் என்று சொல்லிவிடுவார்கள்' என்ற கிண்டலில் கொஞ்சம் உண்மை உண்டு, தொல்லியல்காரர்களே அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். ஆனால் தெரியாது என்று சொல்லவும் அவர்களுக்குத் தெரியும். 1898-ல் சக்காராவில் கிடைத்த மரப்பறவையை விமானம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். 18 சென்டிமீட்டர் இறக்கை, மூக்கு, கண் எல்லாம் இருக்கிறது. பொம்மையா, காற்றுக்காட்டியா என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவாகவில்லை என்பதால் விமானம் ஆகிவிடாது.

இதையெல்லாம் பழக எகிப்து போக வேண்டாம். நம் பக்கத்து மல்லச்சந்திரத்தில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடிய கல்திட்டைகளைப் பாண்டவர் வீடு, குள்ளர் வீடு என்பார்கள். பலகைக் கல்லில் உள்ள வட்டமான இடுதுளையை மட்டும் பார்த்தால் ஜன்னல் என்றுதான் தோன்றும், மற்ற பெருங்கற்காலச் சின்னங்களோடு வைத்துப் பார்த்தால்தான் ஈமச்சின்னம் என்று விளங்கும். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்கள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நடுகல் முன் நின்று, முதலில் எழுத்தைப் பார்க்காமல் வீரன் என்ன செய்கிறான் என்று ஊகியுங்கள், பிறகு பக்கத்தில் உள்ள விளக்கத்தைப் படியுங்கள்: எந்த மன்னன், எத்தனையாவது ஆட்சியாண்டு, ஆநிரை கவர்ந்தபோது செத்தானா, மீட்கப் போய்ச் செத்தானா. உங்கள் ஊகம் எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஊர்ப்பக்கம் வேடியப்பன் என்று கும்பிடும் நடுகற்களிலும் முயலலாம், அங்கே இருப்பவர்களைக் கேட்டுக்கொண்டு. எழுத்து தெரியவில்லை என்று மாவோ சாக்பீஸோ தடவாதீர்கள், கல் கெட்டுப்போகும். சாயங்காலம் போய் மொபைல் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் போதும்.