கல்லூரி நூலகத்தில் அன்றாடம் நடக்கும் தவறுகளும் அவற்றைத் தவிர்க்கும் வழிகளும்

கல்லூரி நூலகத்தில் "காணவில்லை" என்று எழுதப்படும் புத்தகங்களில் பல, கட்டடத்தை விட்டு வெளியே போயே இருக்காது. பக்கத்து அலமாரியில் இருக்கும், அல்லது தட்டுக்குப் பின்னால் சரிந்து கிடக்கும். பைண்டிங்குக்கு என்று ஒதுக்கி வைத்த கட்டுக்குள்ளும் இருக்கலாம். புத்தகம் உள்ளே இருந்தும் கேட்டு வந்த மாணவர் வெறுங்கையோடு திரும்புகிறார். ஒருவரோ இருவரோ பொறுப்பில் இருக்கும் சிறிய நூலகங்களில் இப்படி நடப்பதற்குப் பெரும்பாலும் பணப் பற்றாக்குறை காரணமாக இருப்பதில்லை. தினமும் செய்யும் சின்னச் சின்ன வேலைகளில் ஏதோ ஓரிடத்தில் தகவல் அறுந்துபோகிறது. நூலகத்தை நடத்துகிறவர்களும் பயன்படுத்துகிறவர்களும் கவனித்தால் இதை எளிதாகத் தவிர்க்கலாம்.

முதல் தவறை நல்லெண்ணம் உள்ள மாணவர்கள்தான் செய்கிறார்கள். படித்து முடித்த புத்தகத்தை, வேலை மிச்சமாகட்டும் என்று தாங்களே அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். ஒரு தட்டு மாறினாலும் அந்தப் புத்தகம் அடுத்த இருப்புச் சரிபார்ப்பு வரைக்கும் தொலைந்ததற்குச் சமம். படித்ததை மேசையிலேயே விட்டுச் செல்வதுதான் நூலகத்துக்குச் செய்யும் உதவி. அதில் இன்னொரு நன்மையும் உண்டு. மேசையிலிருந்து எடுக்கும் புத்தகங்களைத் தினமும் எண்ணிக் குறித்து வைத்தால், வீட்டுக்கு எடுத்துப் போகாமல் உள்ளேயே படிக்கப்படும் புத்தகங்கள் எவை என்பது தெரியும். அகராதி, கையேடு, பழைய வினாத்தாள் தொகுப்பு போன்றவை எவ்வளவு புரட்டப்படுகின்றன என்பதை வீட்டுக்குக் கொடுத்த புத்தகங்களை மட்டும் குறிக்கும் இஷ்யூ கணக்கு ஒருபோதும் காட்டாது.

தேர்வு நெருங்கும்போது வேறொரு பழக்கம் தலைதூக்கும். அதிகம் தேவைப்படும் பாடநூலை ஒருவர் வேறு துறையின் அலமாரியில் ஒளித்து வைப்பார். கண்டித்து மட்டும் இதை நிறுத்த முடியாது, ஏனென்றால் அந்த மாணவரின் தேவை உண்மையானது. அப்படிப்பட்ட நூல்களில் ஒரு பிரதியைக் கவுன்ட்டருக்குப் பின்னால் வைத்து, இரண்டு மணி நேரத்துக்கோ ஓர் இரவுக்கோ மட்டும் கொடுத்து வாங்கினால் ஒளித்து வைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

அடுக்குகிறவர்கள் செய்யும் தவறு எண்ணைப் படிப்பதில் இருக்கிறது. நூல்களுக்குப் பாடவாரியாக எண் கொடுத்து அடுக்க, 1876இல் அமெரிக்க நூலகர் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறையைத்தான் பல கல்லூரி நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதில் புள்ளிக்குப் பின்னால் வருவது தசம எண். வகைக்கெழுச் சமன்பாடுகள் 515.35, பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் 515.353, தொகை நுண்கணிதம் 515.4. புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகப் படிக்கிறவர் "நான்கு சிறியது, முந்நூற்று ஐம்பத்து மூன்று பெரியது" என்று 515.4ஐ முன்னால் வைத்துவிடுவார். சரியான வரிசை 515.35, 515.353, 515.4. ஒவ்வோர் இலக்கமாக இடமிருந்து வலமாகப் பார்க்க வேண்டும். புதிதாக உதவிக்கு வரும் மாணவர்களுக்கு இந்த ஒன்றை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிட்டால், பின்னால் தேடி அலையும் பல மணி நேரம் மிஞ்சும். தினமும் கதவு திறக்கும் முன் ஓர் அலமாரியை மட்டும் வரிசை பார்த்துவிடுவது நல்ல பழக்கம். ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டிக் கவிழ்த்துச் சரிபார்ப்பதை விட அது அதிகப் பலன் தரும்.

எண் எங்கே கொண்டுபோகும் என்பதை மாணவர்களும் கொஞ்சம் அறிந்திருக்க வேண்டும். உளவியல் 150இல் இருக்கும், கல்வி உளவியலோ 370.15இல், கல்வியியல் நூல்களோடு இருக்கும். ஓர் அலமாரியை மட்டும் பார்த்துவிட்டு "இங்கே ஒன்றும் இல்லை" என்று கிளம்பிவிடக் கூடாது.

கவுன்ட்டரில் நடக்கும் தவறு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இடைவேளை நேரத்தில் பத்துப் பேர் ஒரே சமயம் வந்து நிற்கும்போது, திருப்பிக் கொடுக்கும் புத்தகத்தை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "அப்புறம் ரிட்டர்ன் போட்டுக்கலாம்" என்பது வழக்கமாகிவிட்டது. அந்தப் புத்தகம் யாராவது ஒருவர் கையால் அலமாரிக்குப் போய்விடும். கணக்கிலோ அது மாணவர் பெயரிலேயே நிற்கும். இரண்டு வாரம் கழித்து அவருக்குத் தாமதக் கட்டண அறிவிப்பு போகும். அவர் கொடுத்தேன் என்பார், நூலகம் வரவில்லை என்னும். இந்த வாக்குவாதத்துக்குப் பிறகு அந்த மாணவர் நூலகத்தின் பக்கம் வருவதே குறைந்துவிடும். ரிட்டர்ன் போடாத புத்தகங்களுக்கென்று தனிப் பெட்டி ஒன்று வேண்டும். அதிலிருந்து பார்கோடு படிக்காமல் எதுவும் அலமாரிக்குப் போகக் கூடாது. மாணவர்களும் கொடுத்த கையோடு தங்கள் கணக்கில் பதிவு நீங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் எழுந்தால், மாணவரைக் குற்றம் சொல்லும் முன் அலமாரியைப் பார்ப்பது நூலகத்தின் கடமை.

கணினிப் பட்டியலில் புத்தகம் தொலைவது

தேடல் பட்டியலில் தவறாக ஏறிய புத்தகம், அலமாரியில் சரியாக இருந்தும் பயனில்லை. தமிழ் நூல்களுக்கு இந்தச் சிக்கல் கூடுதல். ஆசிரியரின் தலைப்பெழுத்து ஒரு பதிவில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால், மூன்றாவதில் எழுத்துக்கூட்டலே வேறு என்றிருந்தால், ஒரே ஆசிரியர் மூன்று பேராகிவிடுவார். ஒரு வடிவத்தை முடிவு செய்து, அதை எழுதி மேசையில் ஒட்டிவைத்து, யார் பதிந்தாலும் அதையே பின்பற்ற வேண்டும். தமிழ் எழுத்தில் ஒருமுறையும் ஆங்கில எழுத்தில் ஒருமுறையுமாகத் தலைப்பைப் பதிந்தால், எப்படித் தட்டச்சு செய்து தேடினாலும் கிடைக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் ஏற்றிய பதிவுகள் இன்னும் இருந்தால், யூனிகோடுக்கு மாற்றுவதைத் தள்ளிப்போடாதீர்கள். புதிய மென்பொருளில் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், எந்தத் தேடலிலும் அகப்படாது.

வேறு நூலகத்தின் பதிவை நகலெடுத்துச் சேர்ப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் பதிப்பைச் சரிபார்க்காமல் எடுப்பது தவறு. ஒரே நூலின் கெட்டி அட்டைப் பதிப்புக்கும் மெல்லிய அட்டைப் பதிப்புக்கும் ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) வேறு, புதிய பதிப்புக்கும் வேறு. 2007 முதல் அந்த எண் 13 இலக்கம், அதற்கு முன் 10. மூன்றாம் பதிப்பின் பதிவை ஐந்தாம் பதிப்புக்கு ஒட்டிவிட்டால், வகுப்பில் ஆசிரியர் சொன்ன அத்தியாயத்தைத் தேடும் மாணவர்தான் குழம்பிப்போவார்.

நகல் காப்பு பற்றி ஒரு வார்த்தை. நூலக மென்பொருளின் தரவை அதே கணினியின் இன்னொரு இயக்ககத்தில் சேமித்து வைப்பது காப்பே ஆகாது. வேறொரு கட்டடத்திலோ இணையச் சேமிப்பிலோ ஒரு நகல் வேண்டும். அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்துச் சோதிக்கவும் வேண்டும்.

அறிவிப்புகள்

"நாளை நூலகம் விடுமுறை." தேதியில்லாத இந்த ஒரு வரித் தாள் ஒரு வாரம் பலகையில் தொங்கினால், ஒரு வாரமும் "நாளை"தான். அறிவிப்பில் கிழமை, தேதி, நேரம் மூன்றும் இருக்க வேண்டும், நாள் கழிந்ததும் அதைக் கழற்றிவிட வேண்டும். காலாவதியான தாள்கள் நிறைந்த பலகையை யாரும் படிப்பதில்லை, புதிய அறிவிப்பும் அவற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகும். நேர மாற்றத்தைப் பலகையில் ஒன்றும் கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் இன்னொன்றுமாகச் சொல்வது அதைவிட மோசம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் அன்றே மாற்ற வேண்டும். இந்திய நூலகவியலின் முன்னோடி எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. வெகுதூரத்திலிருந்து பேருந்தில் வந்து பூட்டிய கதவைப் பார்த்து நிற்கிற ஒரு மாணவியை நினைத்துக்கொண்டு அறிவிப்பு எழுதினால், எதை எழுத வேண்டும் என்பது தானாகவே புரியும்.

புதிய வரவுகளின் பட்டியலைச் சேர்க்கை எண் (நூலகப் பதிவேட்டில் புத்தகத்துக்குத் தரும் எண்), தலைப்பு, விலை என்று அலுவலகக் கோப்பிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டுகிறார்கள். அது தணிக்கைக்கு வேண்டிய தகவல். மாணவருக்கு வேண்டியது வேறு: இது எந்தப் பாடத்துக்கு உதவும், எந்த அலமாரியில் இருக்கிறது, இன்றே எடுத்துப் போகலாமா? ஐம்பது தலைப்புகளை ஒரே தாளில் அடைப்பதை விட, வாரம் ஐந்து நூல்களை இரண்டிரண்டு வரி அறிமுகத்தோடு சொல்வது எனக்குச் சரியாகப் படுகிறது. பட்டியலில் ஏற்றி முடிக்காத நூலைக் காட்சிக்கு வைத்துவிட்டு, கேட்டு வருகிறவரிடம் "இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்பவும் கூடாது.

நூல் திருப்பாதவர்களின் பெயரையும் புத்தகத் தலைப்பையும் பலகையில் ஒட்டுவது இன்னும் பல இடங்களில் நடக்கிறது. இதை நிறுத்தியே ஆக வேண்டும். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவருடைய சொந்த விஷயம். மனநலம் பற்றியோ நோய் பற்றியோ ஒரு நூல் எடுத்தவரின் பெயர் எல்லோர் கண்ணிலும் படும்படி இருந்தால், அடுத்து யாரும் அப்படிப்பட்ட நூலைத் துணிந்து எடுக்கமாட்டார்கள். நினைவூட்டலைத் தனிப்பட்ட முறையில், கெடு முடிவதற்கு முன்பே அனுப்பலாம்.

பரிந்துரைக் குறிப்பேட்டில் மாணவர்கள் எழுதும் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதாமல் விடுவதும் இந்த வகைத் தவறுதான். "வாங்க இயலவில்லை, ஆனால் இதே பொருளில் இந்த நூல் இருக்கிறது" என்று தேதியோடு ஒரு வரி எழுதினால் போதும்.

மின்னிதழ்களைப் பயன்படுத்தும் மாணவர்கள் அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஓர் இதழின் பல ஆண்டுக் கட்டுரைகளைத் தானியங்கி மென்பொருள் வைத்து மொத்தமாகப் பதிவிறக்கினால், வெளியீட்டாளர் கல்லூரி முழுவதற்குமே அணுகலை நிறுத்திவைக்கலாம். கடவுச்சொல்லை வெளியாருக்குக் கொடுப்பதும் அதே விளைவைத் தரும்.

கழிப்பதும் காப்பதும்

எதையும் கழிக்காமல் சேர்த்துக்கொண்டே போவது அக்கறை போலத் தோன்றும். ஆனால் நிரம்பி வழியும் தட்டில் நல்ல நூல் கண்ணில் படாது. இன்று யாரும் பயன்படுத்தாத மென்பொருளின் கையேடு, மாறிப்போன வரிச் சட்டத்தின் விளக்கம், பழைய மருந்தளவுகள் உள்ள நூல் ஆகியவை இடத்தை அடைப்பதோடு தவறான தகவலையும் தருகின்றன. அதற்காகப் பழையதெல்லாம் குப்பை என்று எடைக்குப் போடுவதும் பிழை. வேறெங்கும் கிடைக்காத பதிப்பு, அந்தக் கல்லூரியின் ஆண்டு மலர், உள்ளூர் வரலாறு ஆகியவற்றைத் துறை ஆசிரியர்களிடம் காட்டிக் கேட்காமல் தொடக் கூடாது. கழித்த நூலின் பதிவையும் அன்றே பட்டியலிலிருந்து நீக்க வேண்டும்.

கிழிந்த பக்கத்தை செலோடேப்பால் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் மஞ்சளாகிக் காகிதத்தில் ஊறிவிடும், டேப் உதிர்ந்தாலும் கறை போகாது. மெல்லிய திசுத்தாளும் மாவுப் பசையும் போதும். புத்தகத்தை எடுக்கும்போது முதுகின் மேல்விளிம்பைப் பிடித்து இழுத்தால் அங்கேதான் முதலில் கிழியும். இருபக்கத்துப் புத்தகங்களையும் சற்று உள்ளே தள்ளிவிட்டு நடுவில் பிடித்து எடுக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு ஒட்டிப் போட்டால் காற்றோட்டம் இல்லாமல் ஈரம் தங்கும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் நீடித்தால் பூஞ்சை வளரத் தொடங்கும். பூஞ்சை படிந்த நூலை அங்கேயே தட்டித் துடைத்தால் அதன் வித்துகள் அறை முழுவதும் பரவும். முதலில் பையில் போட்டு மூடி, வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட வேண்டும். கூரை ஒழுகியோ குழாய் உடைந்தோ நூல்கள் நனைந்தால் வெயிலில் காயப்போடக் கூடாது, அட்டை வளைந்துவிடும். பக்கங்களுக்கு இடையே அச்சில்லாத தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்தலாம். 48 மணி நேரத்துக்குள் உலர்த்த முடியாத அளவுக்கு நிறைய நனைந்திருந்தால், உறைபதனப் பெட்டியில் வைத்துவிட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து உலர்த்தலாம்.