படகில் வெந்நீர் டாங்க் ஒழுகினால்: எங்கே என்பதற்கு முன்னால் எப்போது என்று பாருங்கள்

காசிமேட்டு விசைப்படகுகளில் வெந்நீர் ஹீட்டரெல்லாம் கிடையாது, அங்கே டீ போடுகிற ஸ்டவ்தான் ஹீட்டர். ஆனால் துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் டக், கப்பலுக்கு வழிகாட்டியைக் கொண்டுபோகும் பைலட் லாஞ்ச், எண்ணூர், காட்டுப்பள்ளி பக்கம் கப்பல்களுக்குச் சாமான் கொண்டுபோகிற சப்ளை போட், இவற்றில் ஆள் தங்க கேபின் இருக்கும், குளிக்க ஒரு இடம் இருக்கும், இன்ஜின் ரூம் மூலையில் ஒரு வெந்நீர் டாங்கும் இருக்கும். அது சொட்ட ஆரம்பித்ததும் படகுக்குப் பொறுப்பான செராங்கு போன் போட்டு முதலில் கேட்பது, "இன்னாண்ணே, டாங்க் அவுட்டா, புதுசு மாத்தணுமா?" என்றுதான். பெரும்பாலும் டாங்க் நன்றாகவே இருக்கும். ஒழுகுவது வால்வாக இருக்கும், இல்லை ஒரு ஹோஸ் கிளிப்பாக இருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் டாங்கைக் கழற்றிக் கரையில் வைத்தால், புது டாங்க் மாட்டிய பிறகும் அதே இடத்தில் அதே ஈரம்தான்.

தொடுவதற்கு முன் கரன்ட். படகில் கரன்ட் இரண்டு பக்கமிருந்து வரும்: ஜெட்டியில் கட்டியிருந்தால் கரை கேபிள், கடலில் இருந்தால் ஜெனரேட்டர். ஹீட்டருக்குப் போகிற பிரேக்கரை மட்டும் கீழே தள்ளிவிட்டுப் போகாமல், எந்தப் பக்கமிருந்தும் யாரும் திரும்பப் போட முடியாதபடி செய்துவிட்டு, ஹீட்டரின் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பாருங்கள். கீழே ஈரம், நிற்பது இரும்புத் தட்டு, கையில் ஸ்பானர், அதில் 230 வோல்ட் வந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அப்புறம் நல்ல தண்ணீர் பம்பை நிறுத்தி, ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, டாங்கில் இருக்கும் பிரஷரை இறக்குங்கள். இன்ஜின் ஓடி நின்றது என்றால் நன்றாக ஆறவிடுங்கள். சூட்டோடு கூலண்ட் (இன்ஜினைக் குளிர்விக்கிற திரவம்) மூடியைத் திறக்காதீர்கள், முகத்தில் அடிக்கும்.

வீட்டு கீசர் பார்த்துப் பழகிய பிளம்பர் படகில் தடுமாறுவது ஒரே காரணத்தால். வீட்டில் சூடு ஒரு வழியில்தான் வருகிறது, மின்சாரக் காயிலில் இருந்து. படகு ஹீட்டரில் அதோடு இன்னொரு வழியும் உண்டு: இன்ஜின் கூலண்ட் ஒரு ஹோஸ் வழியாக டாங்குக்குள் வந்து, சுருட்டிவைத்த குழாயில் சுற்றி, தண்ணீரைச் சூடாக்கிவிட்டு இன்னொரு ஹோஸ் வழியாக இன்ஜினுக்கே திரும்பிப் போகும். எப்படியும் வீணாகப் போகிற சூடு, அதனால் நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெர்மோஸ்டாட் கட்டுப்படுத்துவது மின்சாரக் காயிலை மட்டும். இன்ஜின் 80, 85 டிகிரியில் ஓடினால் டாங்குத் தண்ணீரும் கிட்டத்தட்ட அங்கே போய்த்தான் நிற்கும். இதை மனதில் வைத்துக்கொண்டு, செராங்கிடமோ டிரைவரிடமோ ஒரே கேள்வி கேளுங்கள்: "எப்போ ஒழுகுது?"

இன்ஜின் ஓடி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் ஒழுகுகிறது, ஆறினதும் நின்றுவிடுகிறது என்று பதில் வந்தால், சேஃப்டி வால்வுப் பக்கம் போங்கள். 30 டிகிரியில் இருக்கிற தண்ணீர் 80 டிகிரிக்குப் போனால் கொள்ளளவில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம் கூடும். 40 லிட்டர் டாங்கில் அது 1 லிட்டர். குளிர்நீர் வருகிற குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இருக்கிறது, அதனால் பின்னால் போக வழியில்லை. எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, முன்னால் போகவும் வழியில்லை. அந்த 1 லிட்டரை வெளியே விடுவதற்குத்தான் சேஃப்டி வால்வு. அது சொட்டுவது ரிப்பேர் இல்லை, வேலை. சொட்டு பில்ஜில், அதாவது படகின் அடிப்பள்ளத்தில், விழுந்து எரிச்சலாக இருக்கிறது என்றால், வால்வு வாயில் ஒரு டியூப் மாட்டி ஒரு கேனில் விடுங்கள். இல்லை, நிரந்தரமாகத் தீர வேண்டும் என்றால் நான்-ரிட்டர்ன் வால்வுக்கும் டாங்குக்கும் நடுவே ஒரு சின்ன எக்ஸ்பான்ஷன் டாங்க் போடுங்கள், 40 லிட்டருக்கு 2 லிட்டர் அளவு போதும். உள்ளே ரப்பர் பையும் காற்றும் இருக்கும், விரிகிற தண்ணீர் அதில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

ஆறின பிறகும், பம்பு ஓடினாலே வால்வு சொட்டுகிறது என்றால் அதன் சீட்டில், அதாவது வால்வு மூடி உட்காருகிற இடத்தில், உப்புப் படிவமோ மணலோ சிக்கியிருக்கிறது. மேலே உள்ள லீவரை இரண்டு மூன்று முறை தூக்கிவிட்டு வேகமாகத் தண்ணீர் போக விடுங்கள், கையைத் தள்ளி வைத்துக்கொண்டு. அதற்கும் நிற்கவில்லை என்றால் வால்வை மாற்றுங்கள், பழையதன் உடம்பில் எத்தனை பார் (பிரஷர் அளவு) என்று பொறித்திருக்குமே, அதே எண். வீட்டு கீசருக்கு விற்கிற 8 பார் வால்வு கடையில் சுலபமாகக் கிடைக்கிறது என்பதற்காக, அதைவிடக் குறைந்த பிரஷருக்குச் செய்த படகு டாங்கில் போடாதீர்கள். சொட்டை நிறுத்த வால்வு வாயில் பிளக் அடித்த படகுகளையும் பார்த்திருக்கிறேன். அதைச் செய்தவர் யாரோ, பக்கத்து கேபினில் படுப்பது வேறு யாரோ. மூடிய டாங்க், நிற்காமல் ஏறுகிற சூடு, வெளியே போக வழியில்லை, இதற்குப் பெயர் வெடிகுண்டு. பிளக் இருந்தால் வேறு எந்த வேலைக்கும் முன்னால் அதை எடுங்கள்.

சூடோ ஆறலோ, பம்பு பிரஷர் ஏறும்போதெல்லாம் ஒழுகுகிறது, யாரும் குழாயைத் திறக்காமலே ராத்திரியில் பம்பு டுர்ரென்று ஓடி ஓடி நிற்கிறது என்றால் எங்கோ ஒரு ஜாயிண்ட். இதில் கண்ணை நம்பாதீர்கள். டாங்கைச் சுற்றி ஃபோம், அதற்கு மேல் தகடு, அதனால் தண்ணீர் ஒரு இடத்தில் கிளம்பி உள்ளேயே ஊறி வேறு இடத்தில் சொட்டும். காட்டன் வேஸ்ட்டால் எல்லா ஜாயிண்ட்டையும் துடைத்து உலர்த்திவிட்டு, முகத்துக்குப் போடுகிற பவுடரை ஒவ்வொன்றின் மேலும் மெல்லியதாகத் தூவுங்கள். பம்பைப் போட்டுவிட்டு டார்ச்சோடு பத்து நிமிடம் உட்காருங்கள். வெள்ளைப் பவுடரில் ஊசியால் கீறினது மாதிரி ஒரு கருப்புக் கோடு இறங்கும். கோடு எங்கே தொடங்குகிறதோ அதுதான் இடம்.

கிளிப் தளர்ந்திருந்தால் முறுக்குங்கள், ஹோஸ் நுனி வெடித்திருந்தால் வெடித்த துண்டை வெட்டிவிட்டு மீண்டும் மாட்டுங்கள். த்ரெட் ஒழுகினால் கழற்றி, பழைய டேப்பை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, த்ரெட் ஏறுகிற திசையிலேயே டெஃப்லான் டேப் சுற்றுங்கள். பழைய டேப் மேலேயே புது டேப் சுற்றுகிற வேலை வேண்டாம். ஒன்று கவனியுங்கள், வெந்நீர் லைனில் யாராவது வெள்ளை பிவிசி பைப் போட்டிருந்தால் அதுதான் வியாதி, அது சூட்டில் இளகும். சிபிவிசி சூடு தாங்கும், ஆனால் இன்ஜின் அதிர்வில் டாங்க் ஜாயிண்டோடு விரிசல் விடும். டாங்கிலிருந்து முதல் ஒரு அடிக்காவது வெந்நீர் தாங்கும் வளைகிற ஹோஸ் போடுங்கள்.

டாங்கின் பக்கவாட்டில் காயில் நுழைகிற இடத்தில் ஈரம் என்றால் காஸ்கெட். ஆறியிருக்கும்போது சொட்டி, சூடானதும் நின்றுவிடுவது இதன் குணம். டாங்கை முழுக்கக் காலி செய்து, காயிலைக் கழற்றி, காஸ்கெட் மாற்றுங்கள், உட்காரும் முகத்தில் உள்ள உப்பைச் சுத்தமாகத் தேய்த்து எடுத்த பிறகு. காயில் டெர்மினல் நனைந்திருந்தால் வயரைக் கழற்றிவிட்டு மெகர் (இன்சுலேஷன் பார்க்கிற மீட்டர்) வைத்து டெர்மினலுக்கும் பாடிக்கும் நடுவே பாருங்கள். 500 வோல்ட்டில் 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் காயிலையும் மாற்றிவிடுவதுதான் புத்தி. இந்த லைனில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே அணைகிற ஸ்விட்ச்) இல்லையென்றால், அதைப் போட இதுதான் சமயம்.

இனிமேல் சொல்வதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. வெளியே எங்கும் ஒழுகவில்லை, ஆனால் யாரும் ஊற்றாமலே கூலண்ட் டாங்கில் மட்டம் ஏறுகிறது, நிறம் வெளுக்கிறது. அல்லது நேர்மாறாக, கூலண்ட் குறைந்துகொண்டே போகிறது, வெந்நீரில் ஒரு பச்சை சாயல், தொட்டால் வழவழப்பு. டாங்குக்குள் இருக்கும் அந்தச் சுருள் குழாய் ஓட்டை. பம்பு ஓடும்போது நல்ல தண்ணீர் பிரஷர் அதிகம், அதனால் தண்ணீர் கூலண்ட்டுக்குள் போகும். பம்பை நிறுத்திவிட்டு இன்ஜினை ஓட்டினால் கூலண்ட் தண்ணீருக்குள் வரும். கூலண்ட்டில் பெரும்பாலும் இருப்பது எத்திலீன் கிளைக்கால், அது விஷம், அதுவும் தித்திக்கிற விஷம். கேஸ் மிச்சம் என்று வெந்நீர்க் குழாயிலேயே பிடித்து டீ போடுகிற பழக்கம் எல்லாப் படகிலும் இருக்கிறது. சந்தேகம் வந்த நிமிடமே எல்லோரிடமும் சொல்லி, அந்தக் குழாயைக் கயிறு போட்டுக் கட்டிவிடுங்கள். ருசி பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

உறுதி செய்ய ஒரு வழி. இன்ஜின் ஆறினதும், ஹீட்டருக்கு வரும் கூலண்ட் ஹோஸ் இரண்டையும் டாங்குப் பக்கம் கழற்றுங்கள். கீழே ஒரு வாளி வைத்துக்கொள்ளுங்கள், கூலண்ட் கொஞ்சம் கொட்டும், அதைப் பில்ஜில் விட்டுத் துறைமுகத் தண்ணீரில் இறைக்காதீர்கள். டாங்கில் இரண்டு மூக்கு திறந்தபடி நிற்கும். உள்ளே மிச்சமிருக்கும் கூலண்ட் வடிந்து முடிந்ததும் பம்பைப் போட்டு டாங்கில் பிரஷர் ஏற்றுங்கள். அரை மணி நேரம் கழித்தும் அந்த மூக்குகளில் புதிதாகச் சொட்டு வந்தால் ஓட்டை நிச்சயம், பேச்சில்லை.

அதற்காகப் படகு நிற்க வேண்டாம். கழற்றிய இரண்டு ஹோஸையும் ஒரு பித்தளை ஜாயினரால் ஒன்றோடொன்று இணைத்து, பக்கத்துக்கு இரண்டு கிளிப் போட்டு முறுக்கினால், கூலண்ட் டாங்குக்குப் போகாமல் இன்ஜினுக்கே திரும்பும். கூலண்ட் ஊற்றி, காற்று போகும் வரை இன்ஜினை ஐடிலில் ஓட்டி, மட்டம் இறங்க இறங்க நிரப்புங்கள். காற்று உள்ளே நின்றால் இன்ஜின் சூடேறி, சின்ன வேலை பெரிய வேலையாகும். கூலண்ட்டில் தண்ணீர் கலந்திருந்தால் மொத்தத்தையும் இறக்கிப் புதிதாக ஊற்ற வேண்டும். ஹீட்டருக்கு வரும் குளிர்நீரையும் மூடி, வெந்நீர் லைனையும் பிரித்துவிட்டால், குளிர்நீர்க் குழாயில் படகு பாட்டுக்கு ஓடும். மார்கழியிலும் நம் ஊரில் பச்சைத்தண்ணீர்க் குளியலால் யாரும் சாகப் போவதில்லை.

கடைசியாக, டாங்கே போயிருப்பது. மேல் தகட்டின் அடிவிளிம்பில் செம்பழுப்பாக, இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் சொட்டுகிறது, எந்த ஜாயிண்டிலும் பவுடர் நனையவில்லை. சரி, இதற்குப் புது டாங்க்தான். எம்-சீல் வைக்கலாமா என்று கேட்பார்கள். ஓட்டையை நீங்கள் பார்க்கவே முடியாது, அது ஃபோமுக்கு அடியில் இருக்கிறது. பார்த்தாலும் பிரஷரும் சூடும் மாறி மாறி வருகிற இடத்தில் பசை நிற்காது.

டாங்க் ஏன் ஓட்டையாகிறது என்றால், பெரும்பாலும் நாம் ஊற்றுகிற தண்ணீர். நம் பக்கம் போர் தண்ணீர் உப்பு, மீஞ்சூர் வட்டாரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீரே ஏறியிருக்கிறது. லாரித் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நிரப்பினால், சூடும் உப்பும் சேர்ந்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைக்கூட வெல்டு ஓரத்தில் தின்னும். எனாமல் பூசிய டாங்க் என்றால் உள்ளே ஒரு மக்னீசியம் ராடு இருக்கும், டாங்குக்குப் பதிலாக அது கரையும். வருடத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றிப் பாருங்கள், பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றுங்கள்.

சாமான்களுக்கு: ஹோஸ், கிளிப், ஜாயினர் எல்லாம் ராயபுரம் சூரியநாராயண செட்டி தெருப் பக்கம் படகு ஸ்பேர் கடைகளிலேயே கேட்டுப் பார்க்கலாம். வால்வு, பித்தளை ஃபிட்டிங் என்றால் பாரிமுனை, செம்புதாஸ் தெரு. பழைய வால்வைக் கையில் எடுத்துக்கொண்டு போங்கள், போட்டோ காட்டினால் த்ரெட் அளவு தெரியாது.

எல்லாம் மாட்டின பிறகு வெந்நீர்க் குழாய்களைத் திறந்து வைத்துப் பம்பைப் போடுங்கள். முதலில் காற்று புஸ்புஸ் என்று வரும், துப்பித் துப்பித் தண்ணீர் வரும், பிறகு சீராக வரும். எல்லாக் குழாயிலும் சீராக வந்த பிறகுதான் ஹீட்டர் பிரேக்கர். காலி டாங்கில் போட்டால் காயில் சில நிமிடத்தில் எரிந்துவிடும். ஒரு முறை முழுச் சூட்டுக்கு வரவிட்டு, ஆறினதும் எல்லா கிளிப்பையும் இன்னொரு கால் சுற்று முறுக்கி, கூலண்ட் மட்டத்தை மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். மறுநாள் காலை இன்ஜின் போடுவதற்கு முன் அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லி டிரைவரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள்.