ஜப்பானிய முற்றுப்புள்ளியைச் சிதையாமல் சேமிக்கும் முறை

ராமேஸ்வரம் அருகிலுள்ள மண்டபம் ஊரில் நண்டுப் பெட்டிக்கு ஜப்பானிய மொழியில் லேபிள் அடிப்பவர்கள், வாக்கிய முடிவில் வரும் சிறு வட்டத்தை (。) வெப்பநிலைக்கு இடும் பாகைக் குறியால் (°) ஒப்பேற்றக் கூடாது. எழுத்துகளுக்கு எண் தரும் உலகத் தரமான யூனிகோடில் அதற்கு 3002 என்ற தனி எண் உண்டு. எம்.எஸ். வேர்டில் 3002 எனத் தட்டி, உடனே ஆல்ட், எக்ஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அது வந்துவிடும். இணையப் பக்கத்தில் 。 என எழுத வேண்டும், ஏனெனில் பதினாறை அடியாகக் கொண்ட (ஹெக்ஸாடெசிமல்) எண்முறையின் 3002தான் வழக்கமான பதின்ம முறையில் 12290.

கோப்பை, யூனிகோடு எண்களைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் சேமியுங்கள். அ, க போன்ற தமிழ் எழுத்துகளைப் போலவே இக்குறியும் மூன்று பைட்டுகளாக (இதற்கு 227, 128, 130) பதிவாகும். திறக்கும்போது வட்டத்துக்குப் பதிலாக, நடுவே யூரோ குறியுடன் மூன்று குறிகள் தெரிந்தால் கோப்பு கெட்டுவிடவில்லை. அது விண்டோஸ்-1252 என்ற பழைய குறியாக்கமாகத் தவறாகப் படிக்கப்படுகிறது என்பதால், அப்படியே சேமித்துவிடாமல் (என் முதல் லேபிள் அப்படித்தான் பாழானது) மூடிவிட்டு, யூடிஎஃப்-8 எனக் குறிப்பிட்டு மீண்டும் திறக்க வேண்டும்.